தெருக் கோர்ட்டின் கடைசித் தீர்ப்பு

பஸ் டிப்போவுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த டயர் கிடங்கில்தான் அந்த நீதிமன்றம் தொடங்கியது. மூன்று வருடச் சோதனை முயற்சி என்றார்கள். சின்னக் குற்றங்களை அந்த வட்டாரத்திலேயே விசாரித்து, கெடுத்தவர் கையாலேயே கெட்டதைச் சரிசெய்ய வைப்பதுதான் திட்டம். மேடை கிடையாது, கூண்டு கிடையாது. நீதிபதி அம்மா, புகார் சொன்னவர், குற்றம் சாட்டப்பட்டவர் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும்.

அங்கே மாற்றலாகி வந்த கிளார்க்குக்கு முதலில் எரிச்சல்தான். பதினெட்டு வருடம் பெரிய கோர்ட்டில் இருந்தவள். டயர் வாடை மண்டையைப் பிளக்கிறது, இது தனக்குத் தண்டனை என்று தம்பியிடம் புலம்பினாள். பிறகு, குடித்துவிட்டு பஸ் நிறுத்தத்து பெஞ்சை உடைத்த பெயிண்டர் ஒருவர் அதைச் சரிசெய்ய வந்தார். வேலை முடிந்தும் போகவில்லை. யாரும் கேட்காமலே கூரைக்கும் வண்ணம் அடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் புலம்பவில்லை. தீர்ப்பில் முத்திரை குத்தும்போது மேஜையே அதிரும். தெரு முழுக்க அவள் 'முத்திரை அக்கா' ஆனாள்.

மூன்றாவது வருடம் ஒரு லாரி முதலாளி வந்து சேர்ந்தார். அவர் ரிவர்ஸ் எடுத்த லாரி, இஸ்திரி போடும் பெண்ணின் கடைச் சுவரை இடித்துத் தள்ளியிருந்தது. இறங்கிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். சலவைத் துணியெல்லாம் மழையில் நாசம். ஆள் அனுப்பிக் கட்டித் தருகிறேன் என்றார் முதலாளி. ஆள் வேண்டாம், நீங்களே கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி விசாரணையைத் தள்ளிவைத்தார் நீதிபதி.

முதலாளிக்கு மேலிடத்தில் செல்வாக்கு உண்டு. மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது: எதிர்பார்த்த பலன் இல்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு நீதிமன்றம் மூடப்படும். அந்த வெள்ளிக்கிழமை வேடிக்கை பார்க்கவே முதலாளி வந்தார்.

"கோர்ட்டே சாயங்காலம் இருக்காது. அப்புறம் என்ன தீர்ப்பு?"

"அஞ்சு மணிக்குத்தானே மூடுறாங்க? இப்ப மணி நாலு. உட்காருங்க," என்றாள் முத்திரை அக்கா.

நீதிபதி அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு விசாரணையைத் தொடங்கினார். நாலு நாற்பதுக்குக் கையெழுத்து விழுந்தது: சுவரை முதலாளி தன் கையால் கட்ட வேண்டும். அடுத்த வாரமே நீதிபதியைத் தொலைதூரத்துக்குத் தூக்கியடித்தார்கள். அக்காவைப் பெரிய கோர்ட்டின் ஆவண அறைக்கு அனுப்பினார்கள்.

முதலாளி செங்கல்லைத் தொடவில்லை. அக்கா ஒவ்வொரு வாரமும் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுப் பிரிவுக்கு எடுத்துப் போனாள். இல்லாத கோர்ட்டின் தீர்ப்பு என்று ஏழு முறை திருப்பி அனுப்பினார்கள். வேலையைக் காப்பாத்திக்கோ அக்கா, உனக்கு எதுக்கு வம்பு என்றான் தம்பி. எட்டாவது முறை அவள் பெரிய கோர்ட்டின் தாழ்வாரத்தில் காத்திருந்து தலைமை நீதிபதியின் கையிலேயே கொடுத்தாள். அவர் தீர்ப்பின் நேரத்தையும் மூடல் உத்தரவின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 'செல்லும்' என்று எழுதினார்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் கட்டியது கோணல்மாணலாக நின்றது. இஸ்திரிக்காரப் பெண் சுற்றி வந்து பார்த்தாள்.

"பிரிச்சிட்டு நூல் பிடிச்சுக் கட்டுங்க," என்றாள்.

பிரித்தார். தெருவே நின்று பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் சுவர் எழுந்தது.

கிடங்கு மறுபடி திறக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் மெமோ வந்தது: அதிகார வரம்பை மீறியதற்கு விளக்கம் தேவை. தம்பி பணிவாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தான். அவள் அதைக் கிழித்துவிட்டு இரண்டே வரி எழுதினாள்: 'தீர்ப்பை உரிய இடத்தில் சேர்ப்பது என் வேலை. அதைச் செய்தேன்.'

ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். வக்கீல் வைக்கவில்லை, அவளேதான் வாதாடுகிறாள்.