நெயில் பாலிஷ் கோடு

அந்தக் காருக்கு வீட்டில் ‘மூத்தாள்’ என்று பெயர். வைத்தவள் கம்பவுண்டரின் மனைவி. கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்னாலேயே அவர் அந்தப் பழைய காரை வாங்கி, தன் விடுமுறை நாட்களை எல்லாம் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதால், முறையில் பிழை சொல்ல முடியாது. “மூத்தாளைக் கவனிச்சு முடிச்சாச்சுன்னா இளையாளுக்கும் கொஞ்சம் காய் நறுக்கிக் குடுக்கலாமே” என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும். “இதோ, அஞ்சு நிமிஷம்” என்பார் அவர், காருக்கு அடியிலிருந்து. அந்த அஞ்சு நிமிஷம் இருட்டுகிற வரைக்கும் நீளும்.

கம்பவுண்டர் என்பதும் தெரு வைத்த பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் இருபது வருட வேலை. அங்கே ஒரு விதி உண்டு. மருந்தை எடுப்பவர் ஒருவர், எடுத்தது சரிதானா என்று பார்ப்பவர் இன்னொருவர். எடுத்த கையே சரிபார்க்கக் கூடாது. இந்த விதியை மீறிய இரண்டு பேரைப் பற்றி அவரே மேலே எழுதி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் படுத்துவிட்டால், எடுப்பவரும் அவரே, பார்ப்பவரும் அவரே. உபதேசம் ஊருக்குத்தான்.

அதற்காக அசட்டையான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் டார்க் ரெஞ்ச் ஒன்று இருந்தது. முழங்கை நீளக் கைப்பிடி. எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த எண்ணைக் கைப்பிடியில் திருகி வைத்துக்கொண்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். அந்த ‘டக்’ கேட்டபிறகு மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு இழுப்பார். முறுக்கியாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு எப்போதாவது நட்டு தானாகச் சுழன்றால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாம் வகுப்பு படிக்கிற பாப்பாவுக்கு இதில் உத்தியோகமே கொடுத்திருந்தார். தூரப் பயணம் என்றால் பாதி வழியில் வண்டியை நிறுத்தவேண்டும்; பாப்பா இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து “கோடு சரி” என்று சொன்னால்தான் மேலே போகலாம்.

இந்த மாதம் மூத்தாளுக்குப் பெரிய சீர் நடந்தது. முன் சக்கரங்களில் இருந்த பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, பிந்திய மாடலின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினார். மூன்று சனிக்கிழமை பிடித்தது. மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மனைவி பாப்பாவை ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலிலேயே ஒருமுறை மிதித்துப் பார்த்து, புது பிரேக்கை மெச்சிக்கொண்டுதான் போனாள். “சொன்னா சொன்ன இடத்துல நிக்குதுங்க. நீங்ககூட அப்படி நின்னதில்ல” என்றாள்.

ஒன்பது மணிக்குக் கம்பவுண்டர் ஷெட்டில் உட்கார்ந்து கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். டார்க் ரெஞ்சை உள்ளே வைக்குமுன் அதன் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கெட்டுவிடும். கைப்பிடியைத் திருகப் போனவர் எண்ணைப் பார்த்தார். இருபத்தைந்து.

இருபத்தைந்து என்பது ஸ்பார்க் பிளக்குக்கு. சக்கர நட்டுக்கு நூறு.

முதலில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நேற்று என்னென்ன செய்தோம் என்று விரல் விட்டு எண்ணினார். காலையில் இடது முன் சக்கரம். நூறு வைத்து நான்கு நட்டும் முறுக்கினார், நான்கு ‘டக்’ கேட்டது. மத்தியானம் ஸ்பார்க் பிளக். எண்ணை இருபத்தைந்துக்கு இறக்கினார். சாயங்காலம் கடைசியாக வலது முன் சக்கரம். அதை முறுக்கியிருந்தால் ரெஞ்ச் இப்போது நூறில் அல்லவா நிற்கவேண்டும்?

எண்ணை மறுபடி பார்த்தார். இருபத்தைந்துதான்.

கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் தெரிந்தது. வலது சக்கரம் ஜாக்கியில் தூக்கி நிற்கிறது. நான்கு நட்டையும் கையால் திருகி வைத்திருக்கிறார். வண்டியைத் தரையில் இறக்கியபிறகுதான் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜன்னலிலிருந்து குரல்: “ஏங்க, மூத்தாளுக்குப் பூசினது போக எனக்கு மிச்சம் இருக்கா? நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், நகத்துக்குப் பூசணும், பாட்டிலக் குடுங்க!” எப்படியும் முறுக்கத்தானே போகிறோம் என்று, நான்கு நட்டுக்கும் முதலிலேயே கோட்டை இழுத்துவிட்டு பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து வண்டியை இறக்கினார். சக்கரத்தைப் பார்த்தார். நான்கு கோடும் பளிச்சென்று சிவப்பாக இருந்தன. கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக அதுதான் அர்த்தம். கை கழுவப் போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனை ஒலி நிறுத்திப் பையில் போட்டு, பையைப் பின் சீட்டில் வைக்க வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். அவள் வேறு எதில் இவர் பேச்சைத் தட்டினாலும் இதில் தட்டியதில்லை. எட்டுமுறை அடித்தார். கடைசியில் மனைவியின் அக்காவைக் கூப்பிட்டார்.

“அண்ணி, அவங்க வந்தாச்சா?”

“இல்லையே தம்பி. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணி. வந்ததும் உடனே பேசச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு டெய்லர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் லுங்கியும் கிரீஸ் படிந்த பனியனுமாக, கையில் ரெஞ்சோடு ஓடிவந்து நின்றதும், மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“சாவி குடுங்க.”

“என்னாச்சு சார்? யாரையாவது அடிக்கப் போறீங்களா?”

“வீல் முறுக்கல. அவங்க மலைப் பக்கம் போயிட்டாங்க.”

டெய்லர் துடைத்த துணியைக் கீழே போட்டார். சாவியைக் கொடுத்தார். “பாத்துப் போங்க” என்று அவர் சொன்னது தெருமுனை திரும்பும்போது காதில் விழுந்தது.

மலை இறக்கம் ஆரம்பிக்கிற இடம் இருபது கிலோமீட்டர். அதற்கு அப்புறம் வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் காற்று. மணி ஒன்பது பத்து. கணக்குப் போட்டால் அவள் இந்நேரம் இறக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். அவர் கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது முன் சக்கரம், டிரைவர் உட்காருகிற பக்கம். அவளுக்கு நேர் கீழே. பாப்பா எப்போதும் அம்மாவுக்குப் பின்னால்தான் உட்காருவாள். வளைவில் பிரேக்கை மிதித்தால் பாரம் முழுக்க முன் சக்கரத்துக்கு வரும். அந்த பிரேக் வேறு புதுசு, சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கிற பிரேக்.

டெய்லரின் ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேல் போனால் இருமியது. ரெஞ்சை இரண்டு காலுக்கும் நடுவில் செருகியிருந்தார். குழி வரும்போதெல்லாம் அது முட்டியில் இடித்தது. வலித்தது, நன்றாக வலிக்கட்டும் என்றிருந்தது.

பதினைந்தாவது கிலோமீட்டர் தாண்டி ரோட்டின் நடுவில் என்னவோ மின்னியது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்தார். நட்டு. கையில் எடுக்கத் தைரியம் வரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்து, “சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்று கத்திக்கொண்டே ஒதுங்கிப் போனான். அப்புறம்தான் எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையை அடைத்தது. இது லாரி நட்டு, மூத்தாளுடையது இதில் பாதிகூட இருக்காது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்கள். அவருக்குப் பாதிதான் வந்தது. ஏதோ ஒரு லாரி இந்த நட்டு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற நினைப்பு வந்து, மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு போனது.

இறக்கத்துக்கு முந்தைய கடைசி மேட்டில், பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் மூத்தாள் நின்றாள்.

நான்கு சக்கரமும் இருந்தன. பின் சக்கரத்துக்குக் கீழே இரண்டு கல் வைத்திருந்தது. தள்ளி, ஒரு மரத்தடியில், மனைவி நின்றாள். பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் ஸ்கூட்டரை நிறுத்தாமலே இறங்கிவிட்டார். அது தன்பாட்டுக்கு இரண்டு கஜம் போய்ப் படுத்துக்கொண்டது. பாப்பாவைத் தூக்கினார். இறக்கிவிட்டார். மறுபடி தூக்கினார். அழுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

“அப்பா, கோடு சரியில்ல!” என்றாள் பாப்பா, வேலையில் சேர்ந்தபிறகு முதன்முதலாக ஒரு தப்பைப் பிடித்த அதிகாரியின் குரலில்.

மனைவியின் முகம் வெளிறியிருந்தது. “நேரமாச்சுன்னு நான் நிறுத்தாமப் போகத்தாங்க பாத்தேன். இவதான் கோடு பாக்கணும்னு ஒரே கத்து. சரின்னு நிறுத்தினா... நீங்களே போய்ப் பாருங்க. உங்களுக்கு அஞ்சு தடவ போன் பண்ணேன்.”

ஸ்கூட்டர் இருமலில் அவருக்கு எங்கே கேட்கும்? போய்ப் பார்த்தார். நான்கில் மூன்று கோடு விலகியிருந்தது. மூன்றில் ஒரு நட்டு, விரலால் தொட்டதும் சுற்றியது. ஒரு வளைவு தாங்கியிருக்கும். இரண்டு தாங்கியிருக்காது.

“உங்க கோடுதான் எங்களக் காப்பாத்துச்சு” என்றாள் அவள், பின்னால் வந்து நின்று. “எவனோ ராத்திரி வந்து வீலைக் கழட்டப் பாத்திருக்கான். அது தெரிஞ்சுதான நீங்களும் ரெஞ்சத் தூக்கிட்டு ஓடி வந்தீங்க? திருட்டுப் பய. பாதி கழட்டறப்ப நாய் கொலச்சிருக்கும், ஓடிருப்பான். நல்லாருப்பானா அவன்? கொழந்தை போற வண்டியில...”

சாபம் நீண்டுகொண்டே போனது. கம்பவுண்டர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘நீ பாட்டில் கேட்டதால்தான்’ என்றுகூட ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டையும் விழுங்கினார்.

“திருடன் யாரும் வரல. நான்தான்.”

“என்ன நீங்கதான்?”

“முறுக்கவே இல்ல. முறுக்கறதுக்கு முன்னாடியே கோடு போட்டுட்டேன். அப்புறம் கோட்டப் பாத்து, முறுக்கிட்டோம்னு நினைச்சுட்டேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. தன் சிவப்பு நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ரெஞ்சை நூறுக்கு வைத்து நான்கு நட்டையும் முறுக்கினார். டக், டக், டக், டக். இவ்வளவு இனிமையான சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. எழுந்து லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஏறுங்க, நானே ஓட்டறேன்” என்றார்.

அவள் நகரவில்லை.

“அந்த பிரேக்குக்கு உள்ளயும் கோடு போட்டீங்கல்ல?”

“போட்டேன்.”

“அதுல கோடு முதல்லயா, முறுக்கு முதல்லயா?”

பிரேக்கைப் பிடித்திருக்கிற போல்ட் பக்கத்துக்கு இரண்டு. இடது பக்கம் நினைவிருந்தது. வலது பக்கம் மத்தியானம், ஸ்பார்க் பிளக்குக்குக் கொஞ்சம் முன்னால் செய்தது. கோடு நினைவிருந்தது, சிவப்பாக, நேராக. ‘டக்’ கேட்டதா? கேட்ட மாதிரியும் இருந்தது. போன மாதம் ஸ்டீயரிங் கம்பியில் போட்ட கோடு? போன வருடம் போட்டவை? மூத்தாளின் உடம்பு முழுக்கக் கோடு. இத்தனை நாள் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. இப்போது எந்தச் சாட்சி உண்மை, எது பொய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எடுத்தவரும் அவர், பார்த்தவரும் அவர்.

“தெரியல” என்றார்.

அந்தக் காரைப் பற்றி அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவள் பின் கதவைத் திறந்து பையை எடுத்தாள். பாப்பாவின் செருப்பை எடுத்தாள். காரைப் பூட்டி, சாவியை அவர் கையில் வைத்தாள். “எல்லாக் கோட்டையும் அழிங்க. நீங்க முறுக்குங்க, நான் பாத்துக் கோடு போடறேன். அதுவரைக்கும் எங்களை இதுல ஏறச் சொல்லாதீங்க” என்றாள். மூத்தாள் என்றுகூடச் சொல்லவில்லை, ‘இது’ என்றாள்.

ஸ்கூட்டரைத் தூக்கி காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவரும் கூடவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர்களைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. லுங்கியோடும் கையில் ரெஞ்சோடும் ஏறியவரைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பஸ் மேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. முதல் வளைவு தெரிந்தது.

பாப்பா ஜன்னல் வழியாகக் கீழே சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, இந்த பஸ்ஸுக்கு யாரு கோடு பாத்தா?”

கம்பவுண்டர் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவியின் கையும் வந்து அதே கம்பியைப் பிடித்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.