ஜானிஸ் யாருடைய ஆள்?

முகுந்தன் என்ற புது மாணவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் விமானத்தைப் பற்றியவை அல்ல.

முதல் நாள், மேலே எழும்பிக் கிள்ளான் பக்கம் திரும்பியதுமே ஹெட்செட்டில் அவர் குரல் வந்தது. "மிஸ், உங்களுக்கு இங்க மாசச் சம்பளமா, மணிக்கணக்கா?"

"உயரம் இறங்குது. மூக்கைக் கொஞ்சம் தூக்குங்க," என்றாள் ஜானிஸ்.

அவள் வார நாட்களில் பங்சாரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறுகளில் சுபாங் பக்கம் இருந்த அந்தப் பள்ளியில் விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். லைசென்ஸ் எடுத்தும் எந்த ஏர்லைனிலும் இடம் கிடைக்காதவளுக்குப் பறக்க இருந்த ஒரே வழி அது.

அடுத்த வாரம் வேறு கேள்விகள். லீவு வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? வேறு பள்ளியிலும் சொல்லிக் கொடுக்க விடுவார்களா? தரையிறங்கிய பின் அவர், சுவரில் ஒட்டியிருந்த பயிற்றுநர் அட்டவணையைக் கைப்பேசியில் படம் பிடித்ததையும் ஜானிஸ் பார்த்துவிட்டாள்.

பள்ளி முதலாளி லியனார்டிடம் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வரி ஆபீஸ் ஆளா இருக்கும் லா. எது கேட்டாலும், நான் சொந்தத் தொழில், இங்க ஃப்ரீலான்ஸ்னு மட்டும் சொல்லு."

"உண்மையும் அதானே, பாஸ்?"

"அதான் சொல்றேன்."

அந்தப் பதிலும் சாத்திய கதவும் அவளை உறுத்தின. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அங்கே புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மாதவிதான் அவளுக்கு வருமான வரி பாரம் நிரப்பித் தருபவள்.

"நாம எதையும் மறைக்கலையே, அக்கா?"

"இல்ல. வீக்கெண்ட் வருமானத்தைச் சொந்தத் தொழில்னு காட்டி, மெடிக்கல் செக்கப், ஹெட்செட், பெட்ரோல் எல்லாம் செலவுல கழிச்சிருக்கோம். வரி ஆபீஸ்காரன் விசாரிக்கணும்னா லெட்டர் போடுவான். காசு கட்டிப் பறக்கக் கத்துக்க மாட்டான்." மாதவி கண்ணாடியைக் கழற்றினாள். "உன் பாஸ் எதுக்குப் பயப்படுறாரு?"

சனிக்கிழமை, விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஜானிஸ் சாவியைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு சொல்லுங்க. அப்புறம் போலாம்."

முகுந்தன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "நீங்க லியனார்டோட ஆளா இல்லையான்னு தெரியாம எப்படி மிஸ் சொல்றது?"

அவரும் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உஷாராணி என் தங்கச்சி," என்றார் கடைசியில்.

உஷாராணி, ஜானிஸுக்கு முன்பு அந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவள். ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாக லியனார்ட் சொல்லியிருந்தார்.

"ஆஸ்திரேலியாவா? கிள்ளான் பக்கம் மேருவுல, என் வீட்டுல இருக்கா. ஸ்டூடண்ட் ஒருத்தன் இறக்கும்போது விமானத்தைத் தரையில போட்டு அடிச்சான். அவளுக்கு முதுகெலும்பு போச்சு. வேலையில அடிபட்ட தொழிலாளிக்குப் பணம் தர்ற சொக்சோவுல கேட்டா, அவ எங்க தொழிலாளியே இல்ல, சொந்தத் தொழில்னு பள்ளி எழுதிக் கொடுத்துருச்சு. சொல்லிக் கொடுக்குறவங்களைப் பள்ளி தொழிலாளியாத்தான் நடத்துதுன்னு, இங்க இருந்து ஒரு ஆளு உண்மையைச் சொன்னாப் போதும்."

ஜானிஸ் நம்பவில்லை. பள்ளியைக் கெடுக்க நினைக்கும் வேறு யாரோ அனுப்பிய ஆளாகவும் இருக்கலாம். "உங்க தங்கச்சியை நான் பார்க்கணும்," என்றாள்.

மேருவில், லோரிகள் போகும் சாலையோரத்து வீடு. இடுப்பில் பெல்ட் கட்டிய ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி வந்தாள். ஜானிஸின் பள்ளிச் சட்டையைப் பார்த்தாள்.

"அந்த நீலக் கோடு போட்ட விமானத்துக்கு இன்னும் வலது பிரேக் இழுக்குதா?"

"இழுக்குது," என்றாள் ஜானிஸ். அதை ஓட்டியவர்களுக்கு மட்டுமே அது தெரியும். சந்தேகப்பட அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் போய் உட்கார்ந்தாள்.

மறுபடி மாதவியிடம் வந்தபோதுதான் சிக்கல் முழுதாகத் தெரிந்தது.

"வரி ஆபீஸ்ல சொந்தத் தொழில்னும் சொக்சோவுல தொழிலாளின்னும் சொல்ல முடியாதும்மா. நீ சாட்சி சொன்னா, கட்டின வரியையும் திருத்தணும். கழிச்ச செலவெல்லாம் போயிரும். அபராதமும் வரலாம்."

"நான் உண்மையில எது, அக்கா?"

"உன் நேரத்தை யாரு முடிவு பண்றா? விமானம் யாருது? வேற இடத்துல சொல்லிக் கொடுக்க விடுறாரா?"

"எல்லாம் அவர் இஷ்டம்தான். வேற பள்ளிக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"நானும் இதை முன்னாடியே கேட்டிருக்கணும்," என்றாள் மாதவி.

ஜானிஸ் இரண்டு வாரம் தள்ளிப் போட்டாள். அந்த வேலை போனால் பறப்பதும் போய்விடும். பிறகு சொக்சோ அலுவலகத்துக்குப் போய், பள்ளி தன்னை எப்படி நடத்தியது என்பதை அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

செய்தி லியனார்டை எட்டியது. அவர் சத்தம் போடவில்லை. "அந்த முகுந்தன் அனுப்பித்தான் நீ இங்க வேலைக்கே வந்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. அடுத்த அட்டவணையில் அவள் பெயர் இல்லை.

மாதங்கள் கழித்து உஷாராணியின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். சிகிச்சைக்கு வழி பிறந்தது. திருத்திய வரியை ஜானிஸ் தவணையில் கட்டி வருகிறாள்.

மலாக்கா பக்கம் ஒரு பள்ளி அவளை அழைத்தது. சம்பளம் பேசும் முன், "எனக்கு சொக்சோவுக்குச் சந்தா பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். 

"கேட்டுச் சொல்றோம்," என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.