நிலம் கொடுக்காத குடும்பங்கள்

என் மனைவி செங்கமலம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதெல்லாம் கேள்வி அல்ல, பதில் தெரிந்தே கேட்பது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மகன் அறிவுச்செல்வனுடைய குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே என் நாற்காலி. பொழுது போய்விடும்.

ஒரு சனிக்கிழமை பேத்தி இசைப்பிரியா வந்து எதிரே நின்றாள்.

"தாத்தா, நம்ம எத்தனை ஏக்கரா நெலம் குடுத்தோம்?"

பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரைக்கு முன்னால் அது எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று எழுதி, வரலாற்று ஆசிரியை விஜயகுமாரியிடம் சம்மதம் வாங்க வேண்டும். இவள் முதலில் 'நெய்வேலியின் வரலாறு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். "இது கேள்வி இல்லம்மா, பெயர்ப்பலகை" என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து, 'நிலம் கொடுத்தவர்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள்?' எந்த ஊர், எந்தக் காலம், யாரைக் கேட்கப் போகிறாய் என்று ஆசிரியை கேட்க, இவள் எழுந்து, "எங்க தாத்தாவ கேப்பேன் மிஸ், நாங்களும் நெலம் குடுத்தவங்கதான்" என்றிருக்கிறாள்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், பதிலுக்கு அங்கே வேலை வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பட்டம் மாதிரிச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்துக்காரன், மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யாரும் கேட்காததை மறுக்க வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை. கான்ட்ராக்டில் சேர்ந்து, ஒருவரிடமும் சிபாரிசு என்று நிற்காமல் பர்மனென்ட் ஆனவன் நான்.

"அபி சிரிக்கறா தாத்தா" என்றாள் இசைப்பிரியா. "'உங்க தாத்தா எங்க நெலத்துல ஏர் ஓட்டுனவரு, அவரு எங்கேருந்துடி நெலம் குடுத்தாரு? கனவுலயா?'ன்னு கேக்கறா. கிளாஸே சிரிச்சுது."

அபி, கொளஞ்சிநாதனின் பேத்தி. கொளஞ்சிநாதனுக்கு இப்போது மந்தாரக்குப்பத்தில் கடை. என்னைவிட இளையவன். இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் "என்னா ராஜாங்கம்" என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"டீச்சரும் சிரிச்சாங்களா?"

"இல்ல தாத்தா. 'நெலம் இல்லாம ஊர விட்டு வந்தவங்கள யாரும் கேட்டதே இல்ல, இதுதான் நல்ல கேள்வி, இதையே எடுத்துக்கோ'ன்னாங்க. ஊர் பேரு, யார கேட்டேன்னு எல்லாம் போடணும். நல்லா வந்தா ஆண்டு விழாவுல மேடையில படிக்கலாமாம்."

ஆண்டு விழாவுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருக்கிற எல்லோரும் வருவார்கள்.

"வேற எழுது" என்றேன்.

"வேற எதுவும் இவ்ளோ நல்லா வராது தாத்தா."

"வராட்டி போவுது. நம்ம வூட்டு விஷயம் மேடையில ஏற வேணாம்."

அவள் அழவில்லை. உள்ளே போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டின்போது அறிவுச்செல்வன், "பள்ளிக்கூடக் கட்டுரைதானேப்பா" என்று ஆரம்பித்தான். நிமிர்ந்து பார்த்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோபம் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யப் போனேன், அவ்வளவுதான். விஜயகுமாரி வகுப்பிலேயே இருந்தார். இடைவேளை. பிள்ளைகள் பாதிப் பேர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஒவ்வொருவருடைய கேள்வியும் பேரோடு எழுதியிருந்தது.

"உக்காருங்க ஐயா."

"பரவால்லீங்க. எங்க பாப்பா வேற எதாவது எழுதட்டும்ங்க. முந்திரி இருக்குது, பலா இருக்குது. பண்ருட்டியப் பத்தி எழுதட்டும்."

"முந்திரியப் பத்தி நிறைய பேரு எழுதறாங்க ஐயா. எல்லாருக்கும் பதில் முன்னாடியே தெரியும், கேள்வி சும்மா பேருக்கு. பதில் தெரியாம கேக்கணும். கேட்டா சொல்றதுக்கு ஆளும் இருக்கணும். இவளுக்கு ரெண்டும் அமைஞ்சிருக்கு."

"ஆளு இருக்கறதாலதான் வேணாங்கறேன்."

"நீங்க வேணாம்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேங்க" என்று டஸ்டரை எடுத்தார்.

வந்த காரியம் முடிந்தது. திரும்பியிருக்கலாம். அப்போதுதான் அந்த வரியை எழுத்தில் பார்த்தேன்.

'நிலம் கொடுக்காத குடும்பங்கள் சுரங்கம் வந்தபோது என்ன ஆயின? - இசைப்பிரியா.'

"அழிக்காதீங்க" என்றேன். "கொடுக்காத, அப்படின்னா என்னாங்க?"

"நிலம் கொடுத்தவங்க ஒரு பக்கம், கொடுக்காதவங்க ஒரு பக்கம்னு பிரிச்சு..."

"வச்சுகினு இல்லன்னு சொன்னவன்தாங்க குடுக்காதவன். எங்கள ஒருத்தரும் வந்து கேக்கல. கேக்கறதுக்கு எங்ககிட்ட நெலம் இல்ல."

என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிது. மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இசைப்பிரியா டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெஞ்சிலிருந்து அபி, "எங்க தாத்தாவும் அதத்தான் சொன்னாரு" என்றாள்.

"அபி!" என்று ஆசிரியை அதட்டினார்.

"உங்க தாத்தா சரியாத்தாம்மா சொன்னாரு" என்றேன். "நெலம் அவருது. ஏர் ஓட்டுனது நாங்க."

சொல்லிவிட்டு நின்றேன். உள்ளே ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெளியே பெல் அடித்தார்கள்.

"அப்ப எப்படிப் போடலாங்க?" என்று விஜயகுமாரி கேட்டார்.

"இல்லாதன்னு போடுங்க. நிலம் இல்லாத குடும்பங்கள்."

ஒரு சொல்லை மட்டும் அழித்து எழுதினார். பிறகு சாக்பீஸைப் பிடித்தபடியே, "'என்ன ஆயின'ங்கறதும் ரொம்ப அகலமா இருக்கு. ஊரைக் காலி பண்ண அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னு மட்டும் கேட்டா?" என்று இசைப்பிரியாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். கேள்வியில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சாயங்காலம் அவள் பேனாவோடு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஊரக் காலி பண்ண அன்னைக்கு நீங்கல்லாம் என்ன தாத்தா செஞ்சீங்க?"

செங்கமலம் இருந்திருந்தால் அவளே நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருப்பாள்.

"கொளஞ்சிநாதன் வூட்டுச் சாமானை லாரியில ஏத்துனோம்."

"நம்ம சாமான?"

"ஏத்தல. தலையில வச்சுகினு நடந்தோம்."

"நேரா இங்கயா வந்தீங்க?"

"இல்ல. மொதல்ல அவங்க புது வூட்டுக்குப் போனோம். லாரியில ஏத்துனத எறக்கணும் இல்ல? எறக்கி, உள்ளார வச்சுக் குடுத்தோம்."

பேனா நின்றது.

"எழுது" என்றேன். அவள் எழுதினாள்.