ஹஃப்சாவின் பூவரசு

கபர்ஸ்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அஜீசுன்னிசா நின்றாள். தண்டையார்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலையே நரைத்துவிட்டது; இந்த இரும்பு கேட்டைத் தாண்டி ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. அவர்கள் மொஹல்லாவில் பெண்கள் கபருக்குப் போவதில்லை. பெற்ற மகள் இறந்தபோதும் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்ததுதான்.

ஹஃப்சாவுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. காட்டுப்பள்ளிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் மஜீது, அங்கே உப்பங்கழி ஓரத்தில் நின்ற பூவரசில் ஒரு கொப்பை ஒடித்து வந்து மகளின் தலைமாட்டில் நட்டார். அது வாடும்வரை கபருக்குள் இருப்பவருக்கு நிம்மதி என்பார்கள். பெரும்பாலும் சீக்கிரமே வாடிவிடும். ஆனால் பூவரசு உப்புக் காற்றைக் குடித்தே வளர்கிற மரம். சில மழைக்காலம் கழித்து, மொட்டைமாடியில் துணி காயப்போட்டவளின் கண்ணில் கபர்ஸ்தான் மதிலுக்கு மேலே ஒரு பச்சைத் தலை தெரிந்தது. "நம்ம ஹஃப்சா மரம்தானே அது?" என்று கத்தியேவிட்டாள். மஜீது அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஆமாம் என்று சொன்னாரா என்பது இப்போது ஞாபகமில்லை.

அன்றிலிருந்து மாடிதான் அவளுக்கு எல்லாம். இளையவள் ரிஃபானா வயதுக்கு வந்ததை முதலில் மரத்திடம்தான் சொன்னாள். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியெல்லாம் மழையில் கழுவப்பட்டு இலை மினுங்கினால், மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்ட மாதிரி மனசு குளிரும். பைத்தியம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது கபர்ஸ்தானில் இடமில்லை. பழைய கபர்களின் மேல் மண்ணடித்து மேடாக்கிப் புதிதாகப் புதைக்கப் போகிறார்கள். குழி வெட்ட வேர் இடிக்கிறது என்று நுணா, உகா, பூவரசு எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லிவிட்டது ஜமாத். கபருக்கு உரியவர்கள் நேரில் வந்து கேட்டால் அந்த ஒரு மரத்தை விட்டுவிடலாம் என்று ஜமாத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி இரக்கப்பட்டார். மஜீதோ "பாக்கலாம், பாக்கலாம்" என்றே நாளைக் கடத்தினார். மரம் அறுக்கும் மெஷின் சத்தம் மாடிக்குக் கேட்டதும் அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

செருப்போடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்துக் குழி வெட்டும் முபாஷிர் ஓடி வந்தார். "இன்னாக்கா, நீ உள்ள வந்துகினு கீற?"

"எம் பொண்ணு மரத்த வெட்டாதப்பா."

அவள் கை காட்டிய மரத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அது வேற ஒரு பாயோட கபரு, அக்கா. ஹார்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தாரு. கேக்க நாதியில்லாத மன்சன், நான்தான் ஒரு கொப்ப நட்டேன். உம் பொண்ணு அதோ, மதிலோரம் கீது. மஜீது அண்ணன் நட்டத அந்த மாசமே ஆடு துன்னுட்ச்சு. வெள்ளிக்கெழம ஆனா அவரு அங்கதான் வந்து குந்திகினு கீறாரு."

மதிலோரம் வெறும் மண். ஒரு புல்கூட இல்லை. இத்தனை வருஷமும் யாரோ ஒருவரிடம் பேசியிருக்கிறாள். மகள் அங்கே அம்மாவின் ஒரு வார்த்தையும் வராமல் கிடந்திருக்கிறாள். மஜீதின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மஜீதே மூச்சிரைக்க வந்தார். கூடவே முத்தவல்லி.

"இன்னா மஜீது பாய், உங்க பொண்ணு கபரு இந்த பூவரசு கீழதானா? சொல்லிடுங்க, ஆளுங்க காத்துகினு கீறாங்க."

மஜீது அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. முபாஷிர் மண்வெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். மெஷின்காரன் மரத்தடிக்கு வந்து நின்றிருந்தான்.

"எங்க பொண்ணுதான்," என்றாள் அஜீசுன்னிசா.

முத்தவல்லி கையசைக்க, மெஷின்காரன் அடுத்த மரத்துக்கு நகர்ந்தான். "வந்ததுதான் வந்துட்டீங்க, பொண்ணுக்கு ஒரு துஆ செஞ்சிட்டு போங்கம்மா," என்றார் அவர், தணிந்த குரலில்.

பெயர்கூடத் தெரியாத அந்த மூட்டை தூக்கியின் தலைமாட்டில் இருவரும் கையேந்தி நின்றார்கள். மஜீதின் உதடுகள் அசைந்தன. கண்கள் மட்டும் மதிலோரத்து மண்ணில் நிலைத்திருந்தன. அஜீசுன்னிசாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நுணா மரத்தில் மெஷின் இறங்கும் சத்தம் கேட்டது.