இடுப்பும் நாத்தனாரும்

தன் எடையைப் போல ஒன்றரை மடங்கு இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிற பெண்ணுக்கு, தன் காலில் ஒரு சாக்ஸ் மாட்ட முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். தினமும் காலையில் கார் டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சாக்ஸை வலை மாதிரி விரித்துக் கால்விரல் பக்கம் வீசிப் பார்ப்பாள். இடது காலில் எப்படியோ மாட்டிவிடும். வலது கால் மசியாது. பிறகு கணவர் வந்து குனிந்து மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளுகிறவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்?

கார் டீச்சர் என்பது தெரு வைத்த பெயர். வேலை டிரைவிங் ஸ்கூலில். பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற கூடுதல் பிரேக்குக்கு மேலே வலது காலைத் தூக்கிப் பிடித்தபடியே அவளுக்குப் பொழுது போகும். மிதித்தால் ஓட்டுகிறவருக்குத் தைரியம் போய்விடும். காலை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் உயிர் போய்விடும். அதனால் கால் நாளெல்லாம் அந்தரத்திலேயே நிற்கும். அந்த இடுப்பைக் கொண்டுபோய் சாயங்காலம் ஜிம்மில் இரும்புக்கடியில் வைத்தால் அது எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் அது முறைத்துக்கொண்டது. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டில் அவளால் பாதிக்கு மேல் இறங்க முடியவில்லை. கால் பயிற்சி செய்த மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினாள்.

நாற்காலி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவள் மாதிரி இருக்கிறது, இதற்குப் பேர் ஸ்குவாட்டா என்று கோச் கேட்டார். இடுப்பு இளகுகிறவரை கம்பிப் பக்கமே வரக்கூடாது, மாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற யோகா வகுப்பில் போய்ப் படு, உடம்பும் தேறும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கார் டீச்சருக்கு அங்கே போவதைவிட இன்னும் கொஞ்ச காலம் படியைப் பின்பக்கமாக இறங்குவது மேல் என்று தோன்றியது. ஏனென்றால் மாடியில் வகுப்பு எடுப்பது அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை.

நாத்தனார் என்றதும் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அந்த முகத்தை ஓரமாக வையுங்கள். இவர்கள் இருவரும் ஒட்டிப் பிறந்ததுபோல இருந்தவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில், “அண்ணி, சும்மா வீட்டிலயே இருந்தா உடம்பு தடிச்சுடும்” என்று ஜிம்முக்குக் கைப்பிடித்து இழுத்துப் போனதே அவள்தான். இவள் இரும்புப் பக்கம் போனாள், அவள் பாய்ப் பக்கம் போனாள். திரும்பும் வழியெல்லாம் ஊர்வம்பு. நாத்தனாருக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. சில பேர் வாயைத் திறந்தால் மாஸ்க்குக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொள்வேன், கண்ணில் மட்டும் சிரிப்பேன் என்று அவள் நடித்துக் காட்ட, கார் டீச்சர் நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

பிறகு மாமியார் படுத்த படுக்கையானார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தூக்குகிற வேலை கார் டீச்சருடையது. வீட்டில் வேறு யாருக்கும் அந்த வலு இல்லை. நாத்தனார் வேலை முடிந்து தினமும் வருவாள். வாங்கி வந்ததைக் கொடுப்பாள். அறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். காலடிச் சத்தம் வாசலோடு நின்று, திரும்பிப் போய்விடுவதைக் கேட்டு மாமியார், “ஏன் அவ உள்ள வரல?” என்பார். கை கழுவப் போயிருக்கிறாள் அத்தை, வந்துவிடுவாள் என்று கார் டீச்சர் சமாளிப்பாள். தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில். எத்தனை தடவைதான் ஒருத்தி கை கழுவுவாள் என்று மாமியார் கேட்டதில்லை.

மாமியார் போனார். அதோடு நாத்தனாரும் போனாள். சண்டை இல்லை, வார்த்தை தடிக்கவில்லை. வருவது நின்றது, அவ்வளவுதான். தெருவில் பார்த்தால் தலையசைப்பு. கார் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. காலியாகக் கிடந்த மாமியார் அறையில் தன் எடைப்பயிற்சி இரும்புத் தட்டுகளை வைத்ததுதான் குற்றமோ என்று எல்லாவற்றையும் கூடத்துக்குத் தூக்கி வந்தாள். கூடத்தில் நடக்க இடமில்லாமல் போனதுதான் மிச்சம். கணவரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான்கு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு நாத்தனார் இல்லாமல் ஊரே வெறிச்சென்று இருந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் சாக்ஸ்தான் ஜெயித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினாள்.

பெரிய அறை, மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நாத்தனார் முன்னால் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கணம் ஈயாடவில்லை. பிறகு எல்லாருக்கும் சொல்கிற மாதிரி, “செருப்ப வெளியில விட்டுட்டு வாங்க” என்றாள். அண்ணி என்ற சொல் வரவில்லை. கார் டீச்சர் கடைசி வரிசையில் சுவரோரம் இடம் பிடித்தாள்.

முதல் நாள் அவள் செய்தது யோகா இல்லை, மல்யுத்தம். முன்னால் குனியச் சொன்னால் தரையை உடைக்கிற மாதிரி குனிந்தாள். பக்கத்தில் ஒரு தபால்காரர் சுகமாகக் காலைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவரை முந்தப் பார்த்தாள். வலித்தால் நல்லது, இன்னும் வலித்தால் இன்னும் நல்லது என்பது கீழ்த்தளத்துப் பாடம். மேல்தளத்தில் அது செல்லாது என்று அவளுக்கு யார் சொல்வது? நாத்தனார்தான் சொன்னாள், ஆனால் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். வலிக்கு முன்னால் ஒரு இடம் இருக்கும், அங்கே நில்லுங்கள், உடம்பு தானாக வழிவிடும் என்று. கார் டீச்சர் காதில் வாங்கவில்லை. மறுநாள் இடது கால் சாக்ஸையும் கணவரே மாட்டிவிட வேண்டி வந்தது.

இரண்டாம் வாரம் கொஞ்சம் அடங்கினாள். மூன்றாம் வாரம், தரையை எட்டாத கைக்கடியில் மரக்கட்டை ஒன்றை வைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. அப்புறம் ஒரு விஷயம் நடந்தது: ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துகொண்டே உடம்பு இளகியது. மல்லாந்து படுத்து, பாதத்தில் ஒரு துணிப் பட்டையைப் போட்டுக் காலை மெதுவாக மேலே இழுத்து வைத்துக்கொண்டு, சும்மா இருப்பது. குழந்தை குப்புறப் படுத்துத் தூங்குகிற மாதிரி முட்டி மடக்கிக் கவிழ்ந்து, சும்மா இருப்பது. சும்மா இருப்பதற்கு ஒரு வகுப்பா என்று அவள் மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டிருந்தபோதே கால் மாடிப்படியில் நேராக இறங்கத் தொடங்கியது. கோச் கம்பியில் மெல்லிய தட்டுகளை மாட்டிக் கொடுத்து, நாற்காலி ஈரமில்லை போலிருக்கிறதே என்றார்.

இடுப்பு சரியானதும் போவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் குரலைக் கேட்கலாம் என்பதுதான் காரணம். தன்னிடம் ஒரு வார்த்தை, சுவரிடம் இல்லாமல் தன்னிடமே ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள். மற்றவர்களின் முதுகில் நாத்தனார் கை வைத்துத் திருத்துவாள். இவளை மட்டும் தாண்டிப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது காலை முன்னால் மடக்கி, இன்னொன்றைப் பின்னால் நீட்டி, மேலே கவிழ்கிற ஆசனம். இடுப்புக்கு இதைவிடப் பரம எதிரி கிடையாது. கார் டீச்சர் கவிழ்ந்து கிடந்தாள். அறை முழுக்க மூச்சுச் சத்தம். அவள் முதுகில் ஒரு கை வந்து அமர்ந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

“மூச்சு விடுங்க.”

விட்டாள். அடுத்த நிமிஷமே முதுகு மறுபடி பலகையாகிவிட்டது.

“மறுபடி பிடிக்கிறீங்க. எதுக்கு?”

“பழக்கம்,” என்றாள் கார் டீச்சர், பாய்க்குள் முகத்தைப் புதைத்தபடியே. “தூக்கும்போது மூச்சப் பிடிச்சாத்தான் முதுகு நிக்கும்.”

“இப்ப எதையும் தூக்கலையே.”

“அது உடம்புக்குத் தெரிஞ்சாத்தானே. எதத் தூக்கினாலும் பிடிப்பேன். காஸ் சிலிண்டர், தண்ணி கேன், எதுவா இருந்தாலும்.”

கை முதுகிலேயே அசையாமல் இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. நாத்தனார் முன்னால் போய் நின்றாள்; நின்றவள் நின்றபடியே இருந்தாள். காலை மாற்றச் சொல்ல மறந்துபோனாள். வகுப்பே வலது காலின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தபால்காரர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்து, கடைசியில் தானாகவே காலை மாற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாற்றினார்கள்.

வகுப்பு கலைந்தது. கார் டீச்சர் வேண்டுமென்றே மெதுவாகப் பாயைச் சுருட்டினாள். எல்லாரும் போன பிறகு நாத்தனார் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணி.”

நான்கு வருஷம் கழித்து வந்த சொல். கார் டீச்சருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

“அம்மாவத் தூக்கும்போதும் மூச்சப் பிடிச்சீங்க.”

“பிடிக்காம எப்படித் தூக்குறது?”

“மூஞ்சி செவந்து, உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு, வேற எங்கயோ பாத்துக்கிட்டு. நான் வாசல்லேர்ந்து தினமும் பாப்பேன்.” நாத்தனார் பக்கத்தில் கிடந்த பட்டையை எடுத்துக் கையில் சுற்றினாள். “நாத்தம் தாங்காமத்தான் அப்படிப் பண்றீங்கன்னு நெனச்சேன்.”

கார் டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இதற்காகவா? கூடத்தில் இடறி விழுந்தது, தெருவில் அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதது, எல்லாம் இதற்காகவா? எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். இடுப்பு சட்டென்று எழ விடவில்லை.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?”

நாற்றமே இல்லை என்று ஒரு பேச்சுக்குப் பொய் சொல்லிவிட்டுப் போகலாம். அவளுக்கு அது வரவில்லை.

“நாத்தம் அடிச்சுதுதான்,” என்றாள். “இல்லன்னு எதுக்குச் சொல்லணும்? படுத்தே கெடந்தாங்க, முதுகெல்லாம் புண்ணு. முதல் வாரம் எனக்குக் கொமட்டுச்சு. அப்புறம் பழகிடுச்சு.”

“எனக்குப் பழகல.” நாத்தனார் பட்டையைக் கழற்றி, மறுபடி சுற்றினாள். “ஊர்ல இருக்கிற வாய் எல்லாத்துக்கிட்டயும் குனிஞ்சு நிக்கிறேன். எங்கம்மா பக்கத்துல என்னால நிக்க முடியல. வாசப்படியத் தாண்ட முடியல அண்ணி. மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். அதான் உங்க மூஞ்சியப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் தோணல.”

கண்ணாடிச் சுவரில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கார் டீச்சர் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தாள். கிடைத்தது, ஆனால் பிடித்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சிறுத்திருந்தது. எதிரில் இருப்பவள் நான்கு வருஷமும் தனியாகப் புழுங்கியிருக்கிறாள் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

“அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“அம்மா எப்பவாவது கேட்டாங்களா? நான் ஏன் உள்ள வரலன்னு?”

ஏன் அவ உள்ள வரல. அந்தக் குரல், அந்த இழுப்பு, வாசலை நோக்கித் திரும்புகிற தலை, எல்லாம் அப்படியே கார் டீச்சரின் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. ஒரு வார்த்தை கேட்காமல் இவள் வீணாக்கியது தன்னுடைய நான்கு வருஷத்தையும்தானே, சொல்லிவிட்டால் என்ன?

“இல்ல,” என்றாள். “கேக்கல. நீ வந்து வாசல்ல நின்னாலே அவங்களுக்குப் போதும்.”

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். சிவந்திருந்த கன்னத்தை, இறுக மூடியிருந்த உதட்டை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த கண்ணைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

“மூச்சு விடுங்க அண்ணி,” என்றாள்.

கார் டீச்சர் விட்டாள்.