குகனேஸ்வரி கேட்டு வாங்கிய கடிதம்

1

2014 பெப்ரவரி 3, திங்கட்கிழமை, இத்தாலியின் பலெர்மோ நகர், ஒரேத்தோ பகுதி: குகனேஸ்வரி பதினொரு ஆண்டுகள் பார்த்த வீட்டு வேலை முடிந்தது. அவர் பராமரித்த சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.

இது கட்டுரையாகத் தொடங்கியது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரின் மருத்துவக் காப்பு தொடர முதலாளி என்ன செய்ய வேண்டும் என்று எழுதப் போனேன். விடை இரண்டு வரிதான்: நிறுத்தியதாகக் கடிதம் கொடுக்க வேண்டும், அரசுக்கு அறிவிக்க வேண்டும். அதைக் காட்டி வேலை தேடுபவராகப் பதிந்தால், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். அதோடு சுகாதார அட்டையும் நீளும். மிச்சப் பக்கத்தில் குகனேஸ்வரி வந்து உட்கார்ந்துகொண்டார், வலது கண்ணில் புரையோடு.

2

முதல் தொடக்கம்: ஈவிரக்கமற்ற மகன் கார்மெலோ கதவை அறைந்து—

இல்லை. சிஞ்ஞோராவின் மகன் கார்மெலோ, சம்பளம் கொடுத்தவர், கண்கலங்கினார். ஒரு பெட்டி தோடம்பழம் (ஆரஞ்சு) கொடுத்தார். கடிதமும் எழுதிக் கொடுத்தார். அவரைக் கொடியவராக்க இருமுறை முயன்றேன். இருமுறையும் தோடம்பழம் குறுக்கே வந்தது.

3

இரண்டு வாரம் கழித்து, தொழிற்சங்க உதவி மேசையில் வேலை செய்யும் யோசப்பின் என்ற பெண் அந்தக் கடிதத்தை வாசித்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"அக்கா, நீங்கள் இன்னும் அங்கை வேலை செய்யிறியள் எண்டெல்லோ இதிலை கிடக்கு?"

"ஓம். நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான்," என்றார் குகனேஸ்வரி. "நிப்பாட்டினதெண்டு எழுதினால் அடுத்து வேலைக்கு எடுக்கிற வீட்டுக்காரர் என்னைக் கள்ளி எண்டெல்லோ நினைப்பினம்."

"அரசாங்கத்துக்கும் அறிவிக்கேல்லையோ?"

"அதையும் நான்தான் வேண்டாமெண்டனான். நல்ல பெடியன், சொல்லுக் கேட்டவர்."

"அம்பது வயசுப் பெடியன்! உங்கடை சுகாதார அட்டை இந்த மாசம் இருபத்தெட்டோடை முடியுது. கண் ஒப்பரேஷன் எப்ப?"

"மார்ச் பன்னிரண்டு."

"அப்ப இண்டைக்கே போய், என்னை நிப்பாட்டினதெண்டு எழுதித் தாங்கோ எண்டு கேளுங்கோ."

"வெக்கமாக் கிடக்கு, பிள்ளை."

"கண் தெரியாட்டி அடுத்த வீட்டிலை மேசையைத் துடைக்கிறதோ, பூனையைத் துடைக்கிறதோ?"

குகனேஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

(அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: குகனேஸ்வரிக்குத் தெரிந்தவர்களில், பழைய வீட்டின் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் புது வீட்டு மணியை அழுத்துபவர் எவருமில்லை. அந்தக் கடிதம் வேறு, சட்டம் கேட்கும் கடிதம் வேறு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதுமில்லை.)

4

முடிவு ஒன்று: கார்மெலோ மறுக்கிறார். (தோடம்பழம்.)

முடிவு இரண்டு: மார்ச் பன்னிரண்டு, மருத்துவமனைக் கவுண்டரில், காலாவதியான அட்டையை நீட்டியபடி அவர்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் குகனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தாளைக் கெட்டவராக்காதேங்கோ, தம்பி. வேணுமெண்டால் என்னைப் புத்தியில்லாத மொக்கு எண்டு எழுதுங்கோ."

அதையும் நான் எழுதவில்லை. பதினொரு ஆண்டு உழைத்த வீட்டுக் கதவில் நின்று, தன்னை நிறுத்தியதாக எழுதித் தரும்படி ஒருவர் எப்படிக் கேட்டிருப்பார், அதைக் கேட்ட கார்மெலோவின் முகம் எப்படிப் போயிருக்கும்? அங்கே நான் இல்லை. அந்தக் காட்சியை, வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பவை தேதிகள் மட்டும்.

கார்மெலோ இரண்டு கடிதங்கள் எழுதினார்: ஒன்று நிறுத்தியதற்கு, மற்றது நற்சான்று. அரசுக்கும் அறிவித்தார். பெப்ரவரி 24 அன்று குகனேஸ்வரி வேலை தேடுபவராகப் பதிந்தார். 27 அன்று, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் காட்டி அட்டையை நீட்டித்துக்கொண்டார். மார்ச் 12 அன்று வலது கண்ணில் ஒப்பரேஷன் நடந்தது.