வீட்டு இணைப்புகளுக்கு அனுமதி இல்லை

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டம்மா என்று பட்டப்பெயர். மருத்துவமனையின் மெயில் சர்வர் அவள் பொறுப்பு. வீட்டு இணைய இணைப்புகளின் ஐ.பி. எண் அடிக்கடி மாறும். இன்று உங்களுக்கு வந்த எண்ணிலிருந்து நேற்று எவனோ குப்பை மெயிலை அள்ளிக் கொட்டியிருப்பான். யாரைப் பிடித்து உதைப்பது? அந்த எண்கள் அத்தனையையும் மொத்தமாக அடைத்துவிட்டாள். குப்பை குறைந்தது. அப்புறம் மெயில் சர்வர்காரர்கள் கூடிய கூட்டத்திலெல்லாம் அதையே ஓதினாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு சர்வரை வைத்து, குடும்பத்துக்கென்று சொந்தமாக மெயில் நடத்தினாள். ஊருக்குத்தானே உபதேசம்.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. விண்ணப்பத்தில் கொடுத்த வீட்டு மெயில் முகவரியிலிருந்தே இன்று மாலைக்குள் சம்மதம் எழுத வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. மகள் எழுதினாள். போன வேகத்தில் திரும்பி வந்தது: 'வீட்டு இணைப்புகளிலிருந்து மெயில் ஏற்கப்படாது. ஆட்சேபம் இருந்தால் இந்த முகவரிக்கு எழுதவும்.' எழுதினாள். அதுவும் திரும்பியது.

மருத்துவமனை சர்வர் வழியாக அனுப்பலாமென்றால், அது வெளி முகவரிகளின் மெயிலை வாங்கி அனுப்பாது. அதுவும் பூட்டம்மா போட்ட பூட்டுதான். தனக்காகத் திறந்தால் வேலைக்கே உலை. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"மெயில்ல எழுதுங்க மேடம்."

"மெயில்தாம்மா போகல."

"அதையும் மெயில்லயே எழுதிடுங்க மேடம்."

அவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, கல்லூரி மெயிலைப் பார்த்துக்கொள்கிறவனைப் பிடித்தாள். குரலை வைத்தே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, நீங்களா? நீங்க கூட்டத்துல சொன்னத அப்படியே இங்க வச்சிருக்கேன்க்கா. குப்பையே இல்ல இப்ப."

"தம்பி, எனக்கு மட்டும் ஒரு தடவை திறந்து விடுப்பா. பொண்ணோட படிப்பு."

அவன் தயங்கினான். "ஒருத்தருக்குத் திறந்தா ஊரே வரும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. மேல கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க யாருக்காச்சும் திறந்து விட்டிருந்தா சொல்லுங்க. உங்க பேரச் சொல்லியே இப்பவே திறந்துடறேன்."

எத்தனை பேர் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள்! நோயாளியின் மகன் ஒருவன் போனிலேயே அழுதான். அவனுக்கும் முடியாதென்றுதான் சொன்னாள்.

"இல்லப்பா. யாருக்கும் திறந்ததில்ல."

"அப்ப நான் எப்படிக்கா?" என்றான் அவன், மரியாதை குறையாமல்.

போனை வைத்தாள். பக்கத்திலேயே நின்று ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் அழவில்லை.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லம்மா, எனக்காக" என்றாள்.